என் முகத்தின் வலப்பக்கம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், ஒரு தவக்காலத்தின் இரண்டாவது வாரம், விடியற்காலைப் பூசைக்குப் போக எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவோடு சாந்தோம் கோயிலுக்கு நடந்தேன். செபம் சொல்ல ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, ‘மரியே’ என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டினால்தானே ‘ம’ வரும்? என் உதட்டின் ஒரு பாதி ஒட்டவே இல்லை.

அம்மா என் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பூசை முடிவதற்குள் என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அப்பா சவரம் செய்துகொள்ளும் கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடப்பக்கம் எப்போதும் போல இருந்தது. வலப்பக்கம் நனைந்த துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கண் மூட மறுத்தது. சிரிக்க முயன்றால் இடது பாதி மட்டும் மேலே போயிற்று. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கன்னியர் மடத்தார் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர்.

தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார்கள். நேராகக் கேட்டது மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்திதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னாம்மா இது, வாயி ஒரு பக்கமா இஸ்துகினு கீது?” என்றாள். அவளுடைய மாமியாருக்கும் ஒருமுறை இப்படி ஆகி, பிறகு சரியாகிவிட்டது என்று சொன்னாள். அந்த வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

அப்பா என்னை டிராமில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். தினமும் இரண்டு வேளை கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தை உயர்த்த வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், ப, ம வருகிற சொற்களை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் வாரம் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்து உன் முகத்தை வரைந்து கொண்டு வா, எவ்வளவு முன்னேற்றம் என்று எனக்கும் தெரியும் என்றார்.

நான் முகம் வரைய ஆரம்பித்த கதை இதுதான். அதற்கு முன் பானை, பூ, வாழைப்பழச் சீப்பு, சாமி படம் இவற்றைத்தான் வரைந்திருந்தேன். டிராயிங் டீச்சர் ஆவதற்கான ஹையர் கிரேடு பரீட்சைக்கு அவை போதும். என் முகத்தை வரையவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் அது அகங்காரம் என்று விட்டிருப்பேன்.

காரணம், அந்த முகம் என்னுடையது இல்லை என்றே சொல்லி வளர்த்திருந்தார்கள். நான்கு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, டாக்டர் கையை விரித்தபோது, பிழைத்தால் இவளை உனக்கே தந்துவிடுகிறேன் என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு வாக்குக் கொடுத்தாள். பிழைத்தேன். அதிலிருந்து நான் மாதாவுக்குக் கொடுத்த பிள்ளை, வளர்ந்து கன்னியர் மடத்துக்குப் போகவேண்டியவள். அக்காவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்தால் எனக்குச் சீட்டித் துணி. அக்காவுக்குப் பரங்கிமலையில் மாப்பிள்ளை பார்த்தபோது என்னிடம் வந்தவர்கள், “உனக்கென்ன கவலை, நீ அங்கே போகப்போறவ” என்று சொல்லி வாழ்த்தினார்கள். நான் சிரித்தேன். எதற்கும் சிரிப்பேன். சிரித்த முகம் என்று எனக்குப் பெயர். மடத்துக்குப் போக உனக்கு இஷ்டமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஜூனில் நான் மடத்தில் சேருவதாக ஏற்பாடாகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மடம். முகம் இப்படி ஆனதும், எங்கள் பள்ளித் தலைவியான மதர் அங்கே எழுதினார். குணமான பிறகு வரட்டும் என்று பதில் வந்தது. முகம் சரியாகும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று எனக்கும் லீவு கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் நல்ல காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. அப்பா மயிலாப்பூரில் ஒரு பையன்கள் பள்ளியில் வாத்தியார். குண்டு விழும் என்ற பயத்தில் ஜன்னல்களில் ஒட்ட வாங்கிய கறுப்புத் தாள் அங்கே ஒரு சுருள் மிஞ்சியிருந்தது. ஹெட்மாஸ்டரிடம் கேட்டு அதை வாங்கி வந்தார். என்னிடம் வெள்ளைச் சாக்கட்டியும் சில வண்ணச் சாக்கட்டிகளும் இருந்தன.

கறுப்புத் தாளில் வரைவது வேறு மாதிரியான வேலை. வெள்ளைத் தாளில் கோடு போட்டு நிழல் பூசுவோம். கறுப்பில் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும்தான் போட முடியும். மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழ் இமையில் நிற்கும் ஈரம். மற்றதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். நம் முகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை வைத்து அதில் ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். முதல் படத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் எழுந்து நின்று பார்த்தேன். அழகாக இல்லை. ஆனால் அது நான்தான். அந்தக் கோணல் வாயோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் அதன்மேல் இருந்த பயம் எனக்குப் போய்விட்டது.

வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டு, மூன்று என்று வரைய ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்ன வைத்தியம் என்று அப்பா முடித்துவிட்டார்.

ஏப்ரல், மே மாதங்களில் கண் கொஞ்சம் கொஞ்சமாக மூட ஆரம்பித்தது. கஞ்சி குடித்தால் வழியாமல் நின்றது. ஜூலைக்குள் நன்றாகவே முன்னேற்றம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீன்காரம்மாள் ஒருநாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “மூஞ்சி சரியாப் பூட்ச்சேம்மா” என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து பாட்டு டீச்சர் என்னைப் பார்க்க வந்தாள். கபாலி கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் அவளுடைய புகுந்த வீடு. என் வயதுதான் அவளுக்கும். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். சுவரில் குத்தி வைத்திருந்த கடைசிப் படத்தின் முன் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“ஏண்டி, உன் மூஞ்சி இப்போ இவ்ளோ கோணலா இல்லையே,” என்றாள். “நன்னாத்தானே ஆயிண்டு வரது. எதுக்கு இன்னும் இப்படியே போட்டுண்டிருக்கே?”

கண்ணாடியில் தெரிவதைத்தான் போடுகிறேன் என்று சொன்னேன். அவள் விவாதிக்கவில்லை. அப்புறம் பள்ளி விஷயங்களைப் பேசிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதும் நான் ஒரு நூலை எடுத்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லித் தருவது என் வேலை. கண் ஓரத்திலிருந்து உதட்டு ஓரம்வரை, கண்ணாடியைப் பார்த்து இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்தேன். இரண்டுக்கும் ஒரு நெல் நீளம்கூட வித்தியாசம் இல்லை. பேசும்போதும் சிரிக்கும்போதும் மட்டும் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் பின்தங்கியது. படத்தில் அளந்தேன். வலப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அதுவரை வரைந்த படங்களை எல்லாம் எடுத்துக் கூடத்துத் தரையில் தேதிவாரியாகப் பரப்பினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி போட்டிருந்தேன், டாக்டருக்குக் காட்ட. முதல் இரண்டரை மாதப் படங்களில் முகம் வாரா வாரம் தேறிக்கொண்டு வந்தது. ஜூன் நடுவில் ஒரு படத்தோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் ஒரே கோணல். ஜூன் நடுவில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரம் வேளாங்கண்ணித் திருநாளுக்கு வந்துவிட்டு, அங்கிருந்து நேரே மடத்துக்கு வந்துவிடலாம் என்று தஞ்சாவூரிலிருந்து கடிதம் வந்த வாரம் அது. கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். நான் வழக்கம்போல் சிரித்தேன்.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரத்திலிருந்து நான் பயிற்சிகளைச் சரியாகச் செய்யவில்லை. படம் வரைகிறேன் என்று கண்ணாடி முன் உட்கார்ந்துவிட்டு, புருவத்தையும் கன்னத்தையும் மறந்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் இரண்டுமுறை தள்ளிப் போட்டிருந்தேன், மழை என்றும் தலைவலி என்றும்.

அன்று மாலைவரை அந்தப் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குணமாக விருப்பமில்லை. குணமானால் மடத்துக்குப் போகவேண்டும். போகமாட்டேன் என்று என் வாய் சொல்லவில்லை, என் மனம்கூட எனக்குச் சொல்லவில்லை. சாக்கட்டி பிடித்த கை மட்டும் ஆறு வாரமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் படிக்கத் தெரியாமல் சுவரில் குத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது வெட்கம். பொய் வரைந்து ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய ஒரு சபலமும் வந்தது. இப்படியே விட்டுவிடலாம். பயிற்சியை நிறுத்தினால் முகம் இந்த அளவோடு நின்றுவிடும். மடத்தார் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அம்மாவும் மாதாவின் சித்தம் என்று ஏற்றுக்கொள்வாள். யாருக்கும் நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

நோயை எனக்காகப் பேசவிடுவதில்லை என்று தீர்மானித்தேன். பேசுவதானால் நானே பேசவேண்டும், அதுவும் நல்ல வாயோடு. குறையுள்ளவள் என்று மடத்தார் என்னைக் கழித்துவிட்டதாக இருக்கக் கூடாது. முழு முகத்தோடு நின்று மாட்டேன் என்று சொன்னதாக இருக்கவேண்டும். செப்டம்பருக்கு ஆறு வாரம் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் எல்லாப் படங்களையும் காட்டி, பின்பாதிப் படங்கள் தப்பு என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, பயிற்சியை விடாமல் செய் என்றார். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை ஆக்கினேன். ‘மாம்பழம், பம்பரம், புடவை’ என்று சொல்லிப் பழகியவள், ஒரு வாரத்துக்குப் பிறகு அவற்றை விட்டுவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். “அம்மா, நான் மடத்துக்குப் போக மாட்டேன்.” எனக்குக் கஷ்டமான எழுத்துகள் அத்தனையும் அதில் இருந்தன. முதல் நாட்களில் ‘போக’ என்பதில் காற்றுதான் வந்தது. அம்மா கடைக்கோ கோயிலுக்கோ போயிருக்கும் நேரம் பார்த்து நூறு தடவை சொல்லுவேன். படமும் தினம் ஒன்று வரைந்தேன், ஆனால் நூல் பிடித்து அளந்து. மனதுக்குப் பிடித்த இடத்தில் உதட்டை வைக்கக் கைக்கு இனி அனுமதி இல்லை. அளந்தபடிதான்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பயணத்துக்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த மூடியைத் துருவி முடித்துவிட்டு, “யார் உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். படங்களைக் கொண்டுவந்து காட்டினேன். எந்தத் தேதியில் கடிதம் வந்தது, எந்தத் தேதியிலிருந்து முகம் தேறாமல் நின்றது, எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையில் தேங்காய்த் துருவல் இருந்ததால் தாளைத் தொடவில்லை. பார்த்து முடித்ததும், “இதெல்லாம் எனக்குப் புரியலை. நான் வாக்குக் குடுத்திருக்கேன்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட வா, கதவைச் சாத்து, இவ்வளவுதான். அப்பா இருவருக்கும் நடுவில் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டபோது, உன் அம்மா காய்ச்சலில் கிடந்த உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் என்னால் அவளை எதிர்த்துப் பேச முடியாது, ஆனால் உன்னைப் போ என்றும் சொல்லமாட்டேன் என்றார். அதை அவருடைய சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அம்மா பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சாமியார் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார், உனக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று. இல்லை சாமி என்றேன். அவர் அம்மா பக்கம் திரும்பி, துறவறம் என்பது அவரவர் மனதாரப் போவது, தாய் கொடுத்த வாக்கு மகளைக் கட்டாது, வேறு ஏதாவது நேர்த்திக்கடனாக அதை மாற்றித் தரலாம் என்று விளக்கினார். அம்மா என்னோடு திரும்பி நடந்தாள். வீட்டு வாசல் வந்ததும் நின்றாள்.

“என்கிட்ட இல்லாததைக் குடுத்துட்டேன்னு சாமி சொல்றார்,” என்றாள். “இருக்கட்டும். ஆனா நான் மாதாகிட்ட சொல்லமாட்டேன். நீயே வந்து உன் வாயால சொல்லு.”

அப்படித்தான் அந்தச் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போனோம். ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். உட்கார இடமில்லாமல் பாதி தூரம் நின்றுகொண்டே போனோம். கோயிலில் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே மாதா சுரூபத்தின் முன் கொண்டுவந்து விட்டது. நான் சொன்னேன். மனதுக்குள் இல்லை, பக்கத்தில் நின்ற அம்மா காதில் விழும்படி. அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு தன் காதிலிருந்த கம்மலைக் கழற்றிக் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். அதற்கப்புறம் அவள் காதில் நான் கம்மலைப் பார்த்ததில்லை. போட்டுக்கொள்ளச் சொல்லிப் பல தடவை கெஞ்சியிருக்கிறேன். அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது, நீ தலையிடாதே என்பாள். எனக்காக அவள் கொடுத்த விலை அது என்று இன்றும் உறுத்தும். ஆனாலும் நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பள்ளியில் என்னை நீக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மதர் நீக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். டிராயிங் வகுப்பு என்னிடமே இருந்தது. இரண்டு வருஷம்வரை அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் ஒவ்வொரு நாளும் முதல் மணிக்கு முன் போய்க் கரும்பலகையைத் துடைத்து வைத்தேன்.

முகம் வரைவதை விடவில்லை. டாக்டருக்காக வரைவது முடிந்தபின் எனக்காக வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அதற்கென்று ஆயின. கறுப்புத் தாள் தீர்ந்ததும், மவுண்ட் ரோடில் ஒரு கடையில் சொல்லிவைத்து எண்ணெய் வண்ணக் குழாய்கள் வாங்கினேன். ஒவ்வொரு படத்தையும் முடித்துவிட்டு, அதில் என் கை எதைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று தேடுவது பழக்கமாயிற்று. ஒரு வருஷம் முழுக்கக் கழுத்தை உள்ளதைவிடக் குட்டையாக, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்ட மாதிரி போட்டிருந்தேன். மதரின் அறையைத் தாண்டும்போதெல்லாம் நான் அப்படித்தான் நடந்திருக்கிறேன். தெரிந்த பிறகு நிமிர்ந்து நடந்தேன். எளிதாக இல்லை, ஆனால் நடந்தேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஓவியப் பள்ளியில் இடம் கேட்டு மனுப் போட்டேன். தி. நகரில் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததை வைத்து இரண்டு வருஷ லீவில் படிக்கலாம் என்று திட்டம். இடம் கிடைத்து, மதரிடம் லீவு கேட்கப் போனபோது, திரும்பி வருவாயா என்று கேட்டார். வருவேன் மதர் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஓவியப் பள்ளியில் சேர்ந்த அன்று அம்மா அதிகாலையில் எழுந்து தயிர் சாதம் கட்டிக் கொடுத்தாள். டிராமில் போய் இறங்கினேன். வகுப்பில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி பெண். முதல் நாள் எனக்குக் கிடைத்தது கதவுக்குப் பக்கத்து மூலை. அங்கே வெளிச்சம் சரியாக விழவில்லை, முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. மறுநாள் முதல் டிராமிலேயே போய், ஜன்னலோர இடத்தில் என் பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.